ஒரு பேச்சுக்குக் கூப்பிட்டது

கல்லு இன்னும் காயலை. தண்ணி தெளிச்சா சுர்ருன்னு ஓடணும், இது என்னடான்னா அப்படியே உக்காந்து ஆவி விடுது. காயட்டும். அதுக்குள்ள ஹால்ல இவரு போனை எடுத்துட்டாரு. தொண்டையைச் செருமுறாரே, அப்ப சம்பந்தி வீட்டுக்குத்தான். மின்வாரியத்துல இருந்த காலத்துல மேலதிகாரிகிட்டப் பேசுறப்பகூட இப்படிச் செருமினதில்ல, பொண்ணைக் கட்டிக்கொடுத்த வீடுன்னா மட்டும் தொண்டையில ஏதோ வந்து அடைச்சுக்கும். நான் சொல்லித்தான் விட்டிருக்கேன். தகவல் சொல்லுங்க, நாங்க அந்தமான் போறோம், ஒரு வாரம் ஊர்ல இருக்க மாட்டோம்னு சொல்லுங்க. சொல்லாமப் போனா, உங்க அப்பா அம்மா பிளேன் ஏறினதை நாங்க மூணாம் மனுஷங்க வாயாலதான் தெரிஞ்சுக்கணுமான்னு நாளைக்கு நிவேதாகிட்ட ஒரு வார்த்தை வரும். அதனால சொல்லுங்க, ஆனா கூப்பிட்டுறாதீங்கன்னேன். "கூப்பிடுவேனா, நான் என்ன பச்சப்பிள்ளையா"ன்னாரு. பச்சப்பிள்ளையா இருந்தா பரவாயில்லையே! பச்சப்பிள்ளை தன் மிட்டாயை யாருக்கும் நீட்டாது. இவரு சாப்பிட உக்காந்தா மீட்டர் பார்க்க வந்தவரைக் கூப்பிடுவாரு, கூரியர்காரரைக் கூப்பிடுவாரு, பக்கத்து வீட்டுக்கு வழி கேட்டு வந்தவரை உள்ள வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போங்கன்னுவாரு. சட்டியில ரெண்டு பேருக்குத்தான் சோறு இருக்கும். நல்லவேளை, அவங்களுக்கும் முறை தெரியும், "இல்லைங்க, இப்பத்தான் ஆச்சு"ன்னு போயிருவாங்க. கூப்பிடுறது ஒரு பேச்சுக்கு, மறுக்கிறதும் ஒரு பேச்சுக்கு, இப்படித்தான் திண்டுக்கல்லே ஓடிக்கிட்டு இருக்கு. எவனாவது ஒருத்தன், சரி இலையைப் போடுங்கன்னு உக்காந்தான்னா என் கதி என்னன்னு இந்த மனுஷன் ஒருநாளாவது நினைச்சிருப்பாரா?

இந்தா, சுர்ருங்குது. முதல் தோசை எப்பவும் ஒட்டும், அது எனக்கு. வெங்காயத்தை எண்ணெயில தொட்டுத் தேச்சு விட்டும் ஒட்டுது பாரு, சனியன். "சௌக்கியமா இருக்கீங்களா சம்பந்தி, மழை உண்டா அங்க?" கரூர்ல மழை பெஞ்சா என்ன, பெய்யாட்டி என்ன, விஷயத்தைச் சொல்லிட்டு வைங்களேன். டிராவல்ஸ்காரரு நாளைக்குக் காலையில பேரு உறுதி பண்ணணும்னு சொல்லியிருக்காரு. சாயங்காலம் அவரு போன்ல படிச்சுக் காட்டினப்ப என்ன அழகா இருந்துச்சு: சௌந்தரபாண்டியன், சுகந்தி. அவ்வளவுதான், வேற பேரே இல்ல. எனக்குச் சரியாக் கேக்கலைங்கன்னு பொய் சொல்லி இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். இவரு அதுக்குள்ள ஒரு திட்டம் போட்டுட்டாரு. அஞ்சு மணிக்கு எந்திரிக்கிறது, ஆறு மணிக்கு வண்டி, போர்ட் பிளேர் இறங்கின உடனே ஜெயிலு. ஏங்க, இறங்கின உடனே ஏங்க ஜெயிலு, கடைசி நாள் பார்த்துக்குவோமேன்னா, முதல்ல தியாகம் அப்புறம்தான் கேளிக்கைங்குறாரு. பிறகு ஹேவ்லாக், நீல் தீவு, பவளப்பாறை, சேறு கக்குற எரிமலை. டிரான்ஸ்பார்மர் ஆய்வுக்குப் போற மாதிரியே எழுதி வச்சிருக்காரு. எனக்கு எரிமலை வேணாம். இங்க சமையல்கட்டுல நிக்கிறது போதும். டிராவல்ஸ்காரரு அனுப்பின படத்துல பார்த்தேனே, ரெண்டு தென்னைமரத்துக்கு நடுவுல வலையைக் கட்டித் தொட்டில் மாதிரி தொங்க விட்டிருக்காங்க, கீழ வெள்ளை மணல், ஒரு பொம்பளை அதுல படுத்துக்கிட்டு ஒண்ணுமே பண்ணாம இருக்கா. கையில கரண்டி இல்ல, மடியில கீரை இல்ல, மூஞ்சியில ஒரு கவலை இல்ல. அதுல நான் ஒரு மத்தியானம் படுக்கணும். சேலையோட எப்படி அதுல ஏறுறது, ஏறினா எப்படி இறங்குறதுன்னு யோசிச்சுத்தான் சுடிதார் ரெண்டு எடுத்தேன். ஓலைத் தொப்பி ஒண்ணு வாங்கி அரிசி டிரம்முக்குப் பின்னாடி வச்சிருக்கேன். குளிக்கப் போறப்ப எடுத்துட்டுப் போய்ப் போட்டுப் பார்த்தேன். நல்லாத்தான் இருக்கு. காது மட்டும் கொஞ்சம் வெளிய நீட்டுது.

"ஆமா சம்பந்தி, நானும் அவளும்தான்." சரி, சொல்லிட்டாரு. அப்படியே வச்சிருங்க. வச்சிருங்க சாமி. ரெண்டாவது தோசை நல்லா வந்திருக்கு, ஓரமெல்லாம் தானா எந்திரிக்குது. நானும் அவளும்தான்னு சொல்றப்ப குரல்ல ஒரு வெக்கம், ஏதோ தப்புப் பண்ணி மாட்டிக்கிட்ட மாதிரி. முப்பது வருஷமா இதே வெக்கம். கல்யாணமான புதுசுல கொடைக்கானலுக்குப் போலாம்னாரு, எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் வரல. கிளம்புறதுக்கு முந்தின நாள், ஒரு பேச்சுக்கு, அவங்க அம்மாவைப் பார்த்து "நீங்களும் வாங்களேம்மா"ன்னாரு. என் மாமியாருக்கு அந்த மறுக்கிற முறையே தெரியாது, மகராசி, உடனே சுவெட்டர் எடுக்கப் போயிட்டாங்க. அவங்க வந்தா நாத்தனாரை விட்டுட்டு எப்படிப் போறது, நாத்தனார் வந்தா கைக்குழந்தை, கைக்குழந்தை வந்தா அதைப் பார்த்துக்க பெரியத்தை, துணைக்கு ஆம்பளை வேணும்னு நாத்தனார் வீட்டுக்காரரு. ஏழு பேரு போனோம் தேனிலவுக்கு. ரெண்டு ரூம்பு. பொம்பளைங்க ஒரு ரூம்பு, ஆம்பளைங்க ஒரு ரூம்பு. நான் பெரியத்தைக்கும் அந்தக் குழந்தைக்கும் நடுவுல படுத்தேன், குழந்தை என் புதுச் சேலையில ஒண்ணுக்குப் போச்சு. ஏரியில படகு ஏறினோமே, அதுல இவரு அந்தக் கோடியில, நான் இந்தக் கோடியில, நடுவுல மொத்தக் குடும்பமும். இவரு அங்கிருந்து என்னைப் பார்த்துச் சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். நாத்தனாரு தனக்குத்தான் சிரிக்கிறேன்னு நினைச்சு முறுக்குப் பொட்டலத்தை நீட்டினா. அதுக்குப் பிறகு எங்க போனாலும் அதே கதைதான். திருச்செந்தூருக்கு வேன் வச்சு, குற்றாலத்துக்கு ஆபீஸ்காரங்களோட, குருவாயூருக்கு நிவேதா சோறூட்டுக்கு மொத்தச் சொந்தத்தோட. நாங்க ரெண்டு பேரு மட்டும் சேர்ந்து போன ஒரே இடம் ஸ்கேன் சென்டர். அங்கயும் டோக்கனுக்குக் காத்துக்கிட்டு இருந்த ஒருத்தருகூடச் சேர்ந்துக்கிட்டு, நீங்க முதல்ல போங்க சார்னு எங்க முறையை விட்டுக் கொடுத்தாரு.

"அதெல்லாம் ஒண்ணும் விசேஷமில்ல சம்பந்தி, சும்மா ஒரு மாறுதலுக்கு." ஐயோ, குரலு இழுக்குது. இந்த இழுப்பு எனக்குத் தெரியும். பேச்சு முடிஞ்சிருச்சு, வைக்கணும், ஆனா வெறுமனே வைக்கிறது மரியாதையா இருக்காது, ஏதாச்சும் ஒண்ணு கொடுத்துட்டு வைக்கணும்னு கை துழாவுது. வேணாங்க. இந்தக் கரண்டியைத் தூக்கி எறியவா? கல்லுல மாவு ஊத்தியாச்சே, விட்டுட்டுப் போனா கருகிரும், பாத்திரத்தையாவது உருட்டுவோம். டமால்னு சம்படத்தைக் கீழ போட்டேன். "ஒண்ணுமில்ல, பூனை"ன்னு சொல்றாரு அந்தாளு. சொல்லிட்டு, ஐயோ, சொல்லிட்டாரு: "நீங்களும் வாங்களேன், எல்லாருமாப் போயிட்டு வரலாம்." முடிஞ்சுச்சு. என் தலையில மண்ணை அள்ளிப் போட்டாச்சு. இரு சுகந்தி, பதறாத. அவங்க முறை தெரிஞ்சவங்கதானே. அருணகிரி அண்ணன் இப்ப, இல்லைங்க சம்பந்தி, நீங்க நல்லபடியாப் போயிட்டு வாங்க, இன்னொரு தடவை பார்ப்போம்னு சொல்லணும். சொல்லுவாரு. சொல்லுங்கண்ணே. ஏன் சத்தத்தையே காணோம்? இவரு ஏன் ஒண்ணும் பேசாம நிக்கிறாரு? "ஓ... அப்படியா... ஓ..." இந்த ஓ நல்ல ஓ இல்லையே. "அங்கயே சொந்தக்காரங்க இருக்காங்களா? சித்தப்பா மகனா? கான்ட்ராக்டரா? அடடே." அடடேயாம் அடடே! கடலைத் தாண்டி அத்தனை தூரத்துல ஒரு தீவு, அங்கயும் ஒரு சித்தப்பா மகன் உக்காந்திருக்கான். தப்பிச்சுப் போறவளைப் பிடிக்கிறதுக்குன்னே ஆளைப் போட்டு வச்சிருக்காங்க. தோசை கருகிருச்சு. கருகட்டும், இது அவருக்கு.

கரூர்க்காரங்களைக் குத்தம் சொல்லல. தங்கமான மனுஷங்க, நிவேதாவை ஒரு சொல்லு சொன்னதில்ல. ஆனா அருணகிரி அண்ணன் எங்க போனாலும் கரண்ட் குக்கரைத் தூக்கிட்டுப் போற ஆளு. காசியில லாட்ஜ் ரூம்புல பொங்கல் வச்சு அந்த மாடி மொத்தத்துக்கும் பியூஸ் போச்சுன்னு பெருமையாச் சொன்னாரு. நாலு மணிக்குக் காப்பி, ஏழு மணிக்கு இட்லி, கண்ணுல படுற போர்டையெல்லாம் சத்தமாப் படிப்பாரு. அங்க போனா, இங்கே குளிக்கக் கூடாது, இங்கே முதலை உண்டுன்னு ஒவ்வொண்ணாப் படிப்பாரு. அந்த மதினி, ராஜாமணி மதினி, பாவம், வாயில்லாப் பூச்சி, ஆனா மடிப்புக் கலையாத சேலையோட பக்கத்துல நின்னா எனக்கு முதுகு தானா விறைச்சுக்கும். பொண்ணைக் கொடுத்தவ நான். அவங்க எந்திரிக்கிறதுக்கு முந்தி நான் எந்திரிக்கணும், அவங்க சாப்பிட்ட பிறகுதான் நான் கை கழுவணும், தோசைக்குச் சட்டினி போதுமா அண்ணேன்னு அந்தமான்லயும் கேட்டுக்கிட்டு நிக்கணும். சம்பந்தி முன்னால வலைத்தொட்டில்ல கால் நீட்டிப் படுக்க முடியுமா? படுத்து, அது சுழட்டிக் கீழ போட்டுச்சுன்னா ஏழு தலைமுறைக்கும் பேச்சாயிரும். சுடிதாரு? தொப்பி? குறட்டை விடக்கூட பயந்து பயந்து விடணும். ரூம்பும் அதேதான் ஆகும், பொம்பளைங்க ஒண்ணு, ஆம்பளைங்க ஒண்ணு. சிக்கனம்னு இவரே சொல்லுவாரு.

ஏன் இப்படிப் பண்றாரு இந்த மனுஷன்? நாக்குப் பழக்கம்னு இத்தனை வருஷமா நினைச்சுட்டேன். நாக்கு மட்டும்தானா? என்கூடத் தனியா இருக்கப் பிடிக்கலையோ? சீ, என்ன புத்தி இது. இல்ல, யோசிச்சுப் பாரு. நிவேதா கல்யாணமாகிப் போன பிறகு இந்த வீட்டுல நாங்க ரெண்டு பேருதான். ரெண்டு பேருன்னு பேரு, டிவி இருக்கு, போன் இருக்கு, வாசல்ல போறவன் வர்றவன் இருக்கான். ஒரு நாள் கரண்டு போன சாயங்காலம் எதிரும் புதிருமா உக்காந்திருந்தோம். காத்தே இல்லைல்லன்னாரு. ஆமான்னேன். அதுக்கு மேல ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஓடல. கரண்டு வந்ததும் அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்கணுமே. எனக்கும்தான் வந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. அப்ப அந்தத் தீவுல டிவியும் இல்லாம, தெரிஞ்ச மூஞ்சியும் இல்லாம, காலையில இருந்து ராத்திரி வரைக்கும் நானும் அவருமா, ஒரு வாரம்! காத்தே இல்லைல்லன்னுகூட அங்க சொல்ல முடியாது, கடக்கரையாச்சே. பேசாம அவங்களும் வரட்டும்னு விட்டுறலாமா? அண்ணன் பேசிக்கிட்டே இருப்பாரு, நேரம் போகும், யாருக்கும் சங்கடமில்ல. வேணாம்! வேணவே வேணாம்! சங்கடப்பட்டாலும் எங்க சங்கடமா இருக்கட்டும். அந்தக் கொடைக்கானல் படகுல அந்தக் கோடியில இருந்து சிரிச்ச ஆளு யாருன்னு எனக்கு இன்னும் சரியாத் தெரியாது, அதுக்குள்ள தலை நரைச்சுப் போச்சு. அழுகையா வருது. வெங்காயம் உரிக்கிறேன்னும் சொல்ல முடியாது, உரிச்சு முடிச்சாச்சு.

வந்துட்டாரு. சமையல்கட்டு வாசல்ல நிக்கிறாரு, போனை நெஞ்சோட அமுக்கிப் பிடிச்சிருக்காரு, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு. "சுகந்தி, சும்மா ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன். அவரு டக்குனு சரின்னுட்டாரு." நான் தோசையைத் திருப்பினேன். "மதினி உன்கிட்டப் பேசணுமாம்." கையில திணிக்கிறாரு. மாவுக் கையோட வாங்கினேன். "மதினி, நல்லா இருக்கீங்களா? இவரு இங்க குதியாட்டம் போடுறாரு, அதுக்குள்ள குக்கரை எடுத்து வெளிய வச்சாச்சு. நாங்க வந்தா உங்களுக்கு இடைஞ்சல் ஒண்ணும் இல்லையே?" இந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. ஐயையோ, என்ன மதினி இப்படிக் கேட்டுட்டீங்க, இடைஞ்சலாவது ஒண்ணாவது, நீங்க வந்தாத்தான் எங்களுக்கு நிறைவு. கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லலாம், எத்தனை தடவை சொல்லியிருக்கேன், தொண்டைக்கு வந்து ரெடியா நிக்குது. நிவேதா மூஞ்சி வருது. நாளைக்கு அவ அந்த வீட்டுல நடமாடணும், உங்க அம்மா எங்களை வர வேணாம்னுட்டாங்களேன்னு ஆயுசுக்கும் ஒரு குத்தல் இருக்கும். சொல்லிரு சுகந்தி, நிறைவுன்னு சொல்லிரு. எதிர்ல இவரு தலையாட்டுறாரு, சொல்லு சொல்லுன்னு. "இடைஞ்சல்தான் மதினி"ன்னேன்.

நான்தான் சொன்னேனான்னு எனக்கே சந்தேகமா இருந்துச்சு. இவரு ஆட்டின தலை அப்படியே நின்னு போச்சு. இனி என்ன, முழுக்க நனைஞ்சாச்சு. "தப்பா எடுத்துக்காதீங்க மதினி. கல்யாணமாகி முப்பது வருஷத்துல நானும் அவரும் தனியா எங்கயும் போனதில்ல. தேனிலவுக்குக்கூட ஏழு பேரு போனோம். இந்த ஒரு தடவை அவருகூட மட்டும் போகணும்னு எனக்கு ஆசையா இருக்கு." ஆசைன்னு சொன்ன உடனே காதெல்லாம் சூடாயிருச்சு, பேரன் எடுக்கிற வயசுல சம்பந்திகிட்டச் சொல்ற வார்த்தையா இது! வச்சிருவாங்க. அண்ணன்கிட்டச் சொல்லுவாங்க, அண்ணன் மாப்பிள்ளைகிட்டச் சொல்லுவாரு, போச்சு. அப்ப அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்துற சத்தம் கேட்டுச்சு. பிறகு மதினி, ரகசியம் பேசுற குரல்ல, "இதை எப்படி மதினி வாய் விட்டுச் சொன்னீங்க?"ன்னாங்க. "இங்க நாங்களும் அப்படித்தான். காசிக்குப் போனோமே, முப்பத்தெட்டுப் பேரு. நீங்க போயிட்டு வாங்க. எனக்கு மூட்டு வலின்னு இவருகிட்டச் சொல்லிக்கிறேன், குக்கரை உள்ள வச்சிருவாரு. நிவேதாகிட்ட ஒண்ணும் வராது, அதுக்கு நானாச்சு." இன்னும் குரலைத் தணிச்சு, "போயிட்டு வந்து, தனியாப் போனா எப்படி இருக்கும்னு எனக்கு மட்டும் சொல்லுங்க மதினி"ன்னாங்க. சொல்றேன்னேன். வச்சுட்டோம்.

அடுப்பை அணைச்சேன். இவரு அங்கயே நிக்கிறாரு. திட்டப் போறாரு, சம்பந்தி வீட்டுல போய் இப்படியா பேசுவன்னு குதிக்கப் போறாருன்னு பார்த்தா, குதிக்கல. கருகின தோசையைத் தட்டுல இருந்து ஒரு ஓரம் பிச்சாரு, வாயில போடல, கையிலயே வச்சிருக்காரு. "சுகந்தி, நான் வேணும்னு கூப்பிடல"ன்னாரு. தெரியும்னேன். "ஒரு வாரம் முழுக்க நீயும் நானும் மட்டும்னா..." தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. "நம்ம ரெண்டு பேரும் என்னத்தப் பேசுறது? நான் பேசுறது உனக்குச் சலிச்சுப் போச்சுன்னா அங்க வேற யாரு இருக்கா?" இத்தனை பெரிய மனுஷன், ஊரையே கூப்பிடுற மனுஷன், பயந்து போய் நிக்கிறாரு. எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். "எனக்கும் அதே பயம்தாங்க"ன்னேன். "நிசமாவா?"ன்னு நிமிர்ந்து பார்த்தாரு. நிசமாத்தான்னேன். சந்தேகம் தீராம என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. முக்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தாரு, சமையல்கட்டுல இவரு உக்காந்து நான் பார்த்ததே இல்ல. நானும் எதிர்லயே தரையில உக்காந்தேன். கொஞ்ச நேரம் கழிச்சு, "வாங்க, போய்ப் பார்ப்போம்"னேன்.